கடலுக்கு ஷூ போட்டு வந்தவள்

ஆரஞ்சுத் தொப்பி இருக்கிறது. மிதவைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஹினாவின் வெள்ளைத் தொப்பிக்கு இடதுபுறம், ஹினாவுடைய அப்பா மொரிதாவின் மொட்டைத் தலைக்கு முன்னால். மூன்று தலையும் ஒரே இடத்தில் இருந்தால் சரி, கண்ணைச் சிமிட்டிக்கொள்ளலாம். சிமிட்டியாயிற்று. ஆரஞ்சுத் தொப்பி இருக்கிறது. ஆரஞ்சுத் தொப்பி என் மகள் நித்திலா, ஏழு வயது, ஹினா அவள் வகுப்புத் தோழி. தண்ணீர் நெஞ்சுவரைக்கும்தான் என்று மொரிதா கையால் காட்டிவிட்டுத்தான் அழைத்துப் போனார், அவள் நெஞ்சா அவர் நெஞ்சா என்று கேட்க எனக்கு ஜப்பான் மொழி பத்தவில்லை. பக்கத்துக் கூடாரங்களில் எல்லோரும் வெறுங்காலோடு மல்லாந்து கிடக்கிறார்கள். நான் மட்டும் பாயின் ஓரத்தில், கால் இரண்டும் மணலில் ஊன்றியபடி, நாடா கட்டிய ஷூவோடு உட்கார்ந்திருக்கிறேன். வண்டியில் ஏறும்போதே என் கணவர் ஜெகதீசன் பார்த்துவிட்டார். “கடலுக்கு ஷூ போட்டுட்டு வர்ற ஒரே ஆளு நீதான் சுகந்தி. என்ன, ஓட்டப் பந்தயமா?” என்று சிரித்தார். சேலத்துக்காரர். அவருக்குக் கடல் என்றால் சுண்டலும் பட்டமும், சாயங்காலம் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கால் நனைப்பதும். நானும் சிரித்துவைத்தேன். நாடாவை மட்டும் வண்டி நின்றபோது இன்னொரு முடிச்சு போட்டுக்கொண்டேன்.

இந்தக் கடற்கரையைத் தேடிக் கண்டுபிடித்தது அவர்தான். மூன்று வாரமாக வீட்டுத் தரகர் மாதிரி வசதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தார். குளிக்கச் சுடுதண்ணீர், காசு போட்டால் பூட்டிக்கொள்ளும் அலமாரி, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனி அறை, சக்கர நாற்காலி இறங்குவதற்கு மணல்மேல் விரித்த நீளப்பாய், ஜெல்லிமீன் வராமல் இருக்கச் சுற்றிலும் வலை, கால் கழுவுவதற்கென்றே வரிசையாகக் குழாய்கள். “கழிப்பறையப் போயிப் பாரு, உள்ள உக்காந்து சோறு திங்கலாம்” என்றார். பார்த்தேன், திங்கலாம்தான். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் கடற்கரையே கழிப்பறை, விடியுமுன் பெண்கள், விடிந்தபின் ஆண்கள், அதற்குமேல் கருவாடு. வலை என்றால் மீனுக்குத்தான், மனுஷனைக் காப்பாற்ற வலை கட்டுவார்கள் என்று அப்பாவிடம் சொன்னால் நம்பமாட்டார். இத்தனை வசதியிலும் நான் வந்தவுடன் தேடிப் பார்த்தது பலகைகளைத்தான். நீல நிறத்தில், ஓடுகிற மனிதன், அவன் பின்னால் அலை, பக்கத்தில் அம்புக்குறி. இந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர் என்று ஒரு பலகை. அம்புக்குறி போகிற திசையில் சிமெண்ட் படிகள், கீழே நின்றே எண்ணிவிட்டேன், நாற்பத்திரண்டு. அதற்கு மேல் ரோடு, ரோட்டைத் தாண்டினால் கோயில் மேடு. படம் போட்ட பலகையெல்லாம் படித்தாயிற்று. படம் போடாத பலகை ஒன்று உயிர்காப்பாளர் நாற்காலிக்குக் கீழே இருக்கிறது, முழுக்க எழுத்து, நடுநடுவே மணிக்கணக்கு. அதை விட்டுவிட்டேன். ஆபத்து என்றால் படம் போட்டிருப்பார்கள் அல்லவா.

தொப்பி, இருக்கிறது. கயிற்றுக்குக் கொஞ்சம் கிட்டே போயிருக்கிறாளோ. இல்லை, அலை தூக்கி இறக்கியதில் அப்படித் தெரிகிறது. போகும்போது “போறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஜப்பான் மொழியில் அழகாகப் போய்விட்டு வருகிறேன் என்று குனிந்து சொல்கிறவள், தமிழில் மட்டும் போறேன் என்கிறாள், எத்தனை தரம் திருத்தினாலும். கூப்பிட்டு, திரும்பச் சொல்லிவிட்டுப் போடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹினா முன்னால் வெட்கப்படுவாள். வெட்கப்பட்டால் என்ன, சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்கிறாள், இந்த வருஷம் பள்ளி நீச்சல் குளத்தில் இருபத்தைந்து மீட்டர் நீந்தித் தொப்பியில் கறுப்புக் கோடு வாங்கியதும் விடவே இல்லை. அம்மா, கடல்ல நீந்தணும். போன வருஷம் காய்ச்சல் என்று சொன்னேன், யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாள். அதற்கு முந்தின வருஷம் மழை என்றேன், வெயில் அடித்தது. இந்த வருஷம் பொய் தீர்ந்துபோய்விட்டது. சரி, ஒரு நாள், ஒரு மணி நேரம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால், கயிற்றைத் தாண்டாமல் இருந்தால் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். மொரிதா பஸ் ஓட்டுகிறவர், நிதானமான மனுஷர். என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தொடையில் வைத்துக் குனிந்து “தைஜோபு, தைஜோபு” என்றார். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரிலும் அன்றைக்குக் காலையில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவளைக் கடல் கொண்டுபோய்விடும் என்று எனக்குப் பயம் என நினைக்கிறார் ஜெகதீசன். அது இல்லை. அது இருந்தால் எவ்வளவோ தேவலை, எல்லா அம்மாக்களுக்கும் உள்ள பயம்தானே, மாரியம்மனுக்கு ஒரு மாவிளக்கு நேர்ந்துகொண்டால் போயிற்று. எனக்குப் பயம் என் காலைப் பார்த்துத்தான். கடல் எழும்பி வந்தால் இந்தக் கால் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயம். ஒரு தடவை ஓடியிருக்கிறது. பதின்மூன்று வயது அப்போது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள், அப்பா வலைக் கொட்டகையில் இருந்தார். “தம்பியக் கைய விடாம வச்சிக்கடி” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா போனாள். தினாவுக்கு ஆறு வயது, தினகரன். தண்ணீர் ஒரு தரம் படகுகள் வரைக்கும் வந்து எல்லோர் காலையும் நனைத்துவிட்டு உள்ளே போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. அப்பாவே பார்த்திராத தரையெல்லாம் வெளியே தெரிந்தது, சேற்றில் மீன் துள்ளிக்கொண்டு கிடந்தது. பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். “அக்கா, கெழங்கா மீனுக்கா, வாக்கா” என்று தினா என்னை இழுத்தான். அவன் பிடித்திருந்தது என் இரண்டு விரலை, சுண்டு விரலையும் அடுத்ததையும். பிறகு ஒரு சத்தம், பிறகு பெரியவர்கள் எங்களைப் பார்த்து ஓடிவந்தார்கள், எங்களைத் தாண்டி ஓடினார்கள். அவன் இன்னும் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் விரலை உருவினேன். அலை அப்போது வரவே இல்லை. நான்தான் உருவினேன். உருவிவிட்டு ஓடினேன், பாலத்து மேட்டுக்குப் போகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை.

தொப்பி. ஆரஞ்சு, வெள்ளை, மொட்டை. மூன்றும் இருக்கிறது. அலை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு என்னையாவது விட்டுவைத்ததே என்று அழுதாள். கணக்கெடுக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னேன், மனசு சரியாக வேண்டும் என்று படம் வரையச் சொன்ன டீச்சரிடமும் அதையே வரைந்து காட்டினேன். பெரிய அலை, சின்னக் கை. நல்லா வரைஞ்சிருக்கே என்றார் டீச்சர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஜெகதீசனிடம் தனியாகச் சொன்னபோதும் அதுதான், அவர் கண் கலங்கி என் கையைத் தொட்டார், அந்தக் கையை. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷமாயிற்று. நல்ல மனுஷர், பல் சக்கரம் செய்கிற கம்பெனியில் வேலை, சேலம் கடலே இல்லாத ஊர் என்றுதான் சரி சொன்னேன், கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பும் என்று யார் கண்டார்கள். வேலை முடிந்து வந்து பாத்திரம் கழுவிக்கொடுப்பார். அவரிடம் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சொன்னால் அவர் என்னைத் திட்டப் போவதில்லை. சின்னப் பிள்ளைதானே நீ, என்று சொல்வார். சொல்லிவிட்டு அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் நித்திலா என்னோடு வெளியே கிளம்பும்போது ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடியை என்னால் பார்க்க முடியாது. நானே தினமும் யோசிக்கிறேன், அது போதாதா. இவள் பிறந்து கையில் வாங்கியபோது முதலில் நினைத்தது என்ன என்று யாராவது கேட்டால் நான் செத்தேன். இவளையும் விட்டுவிட்டு ஓடுவேனோ. அதுதான் நினைத்தேன். பாதையில் நடக்கும்போது மணிக்கட்டைத்தான் பிடிப்பேன், விரலைப் பிடிக்கவே மாட்டேன். வலிக்குதும்மா என்பாள். வலிக்கட்டும்.

“சுமிமாசென்.” மன்னிக்கணும் என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்துக் கூடாரத்து அம்மாள், தட்டு ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பனிக்கட்டியில் போட்ட வெள்ளரிக்காய், குச்சியில் குத்தியிருக்கிறது. வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பாள், வாங்கினால் எழுந்து குனிய வேண்டும், குனிந்தால் கடல் தெரியாது. குனிந்தேன். அவள் பதிலுக்குக் குனிந்தாள். நான் இன்னொரு தரம் குனிய வேண்டியதாயிற்று, இந்த ஊரில் யார் முதலில் நிமிர்வது என்று தெரிவதற்குள் உயிர் போய்விடும். வெயில் அதிகம் என்றாள், ஆமாம் என்றேன். உங்கள் மகளா அது, நன்றாக நீந்துகிறாள் என்றாள். எது, எங்கே. வெள்ளைத் தொப்பி இருக்கிறது, மொட்டைத் தலை இருக்கிறது. ஆரஞ்சு இல்லை. இல்லை. வளையங்கள், படகு பொம்மை, பச்சைத் தொப்பி, சிவப்பு, ஆரஞ்சு இல்லை. மொரிதா சிரித்துக்கொண்டிருக்கிறார், ஏன் சிரிக்கிறார், ஒருத்தி காணவில்லை, சிரிக்கிறார். அப்போது அவர் முழங்காலுக்கிடையிலிருந்து ஆரஞ்சு மேலே வந்தது, தண்ணீரைத் துப்பிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. முங்கு நீச்சல். சனியனே, வீட்டுக்கு வா, உனக்கு இருக்கிறது. வெள்ளரிக்காய்க் குச்சி என் கையில் இரண்டாக ஒடிந்திருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல நகர்ந்துகொண்டாள். கவனித்தாயா சுகந்தி, பிள்ளையைக் காணோம் என்றதும் நீ கடலைப் பார்த்து ஓடவில்லை. உட்கார்ந்த இடத்தில் நின்றாய். ஷூ போட்ட கால் ஓரடி முன்னால் போகவில்லை. இல்லை, ஓடுவதற்குள் வந்துவிட்டாள், இன்னும் ஒரு நொடி போயிருந்தால் ஓடியிருப்பேன். ஓடியிருப்பேனா. ஜெகதீசன் ஐஸ் வாங்கப் போய் இருபது நிமிஷமாகிறது. சீவின ஐஸில் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதற்கு இத்தனை நீள வரிசை. போகும்போது, “நீ பாத்துக்கிறல்ல?” என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். “பாத்துக்கிறேங்க, நீங்க போயிட்டு வாங்க” என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பார்ப்பதற்கு என்ன, கண்தானே.

மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. கம்பத்து ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு மணிச் சத்தம், பிறகு ஒரு பெண் குரல், வேகமாக, மரியாதையாக. கடலிலிருந்து என்பது புரிந்தது, மேலே ஏறுங்கள் என்பது புரிந்தது. மற்றது ஒன்றும் புரியவில்லை. உயிர்காப்பாளர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் விசில் ஊதினார்கள், இரண்டு கையையும் கரைப்பக்கமாக வீசினார்கள். தண்ணீரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அத்தனை பேரும். வளையத்தோடு, குழந்தையோடு, முழங்கால் தண்ணீரில், கணுக்கால் தண்ணீரில், பிறகு மணலில், பிறகு ஓட்டம். பெரியவர்கள் ஓடுகிறார்கள், ஆவென்று கத்திக்கொண்டு, குதித்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஓடிவருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் கடல் காலியாக இருக்கிறது, ஒரு தலை இல்லை, ஒரு வளையம் இல்லை. காலிக் கடலை நான் ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். பிறகு படிகள். எட்டு, பதினேழு, யாரோ ஒருவர் ஒதுங்குகிறார், இருபத்தாறு, நெஞ்சு எரிகிறது, கைப்பிடிக் கம்பி சுடுகிறது, கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், எதற்குக் கைப்பை, முப்பத்தொன்பது, நாற்பது. ரோடு. ரோட்டில் ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வண்டிகள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. யாரும் ஓடவில்லை. ஓடிவந்தது நான் ஒருத்தி.

மேல்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். இருபத்தோரு வருஷமாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தேனோ அதற்குப் பதில் வந்துவிட்டது, இனி கேட்க வேண்டாம். பிள்ளை கடலில், அம்மா ரோட்டில், கையில் பையோடு. வெட்கம் என்று சொன்னால் பத்தாது. அந்த இடத்திலேயே ஒரு லாரி வந்து அடித்துப்போட்டால் தேவலை என்றிருந்தது. அப்போது என் சுடிதாரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

நித்திலா. தலையில் ஆரஞ்சுத் தொப்பி, உடம்பெல்லாம் தண்ணீர், வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “ஏம்மா ஓடுன?” என்றாள். “இது ரெஸ்டும்மா. பத்து நிமிஷம் எல்லாரும் வெளிய வந்துரணும், ஒவ்வொரு மணிக்கும். போர்டுலயே எழுதியிருக்கே. மணல் சுடுதுன்னுதான் எல்லாரும் ஓடுறாங்க. நான்தான் ஃபர்ஸ்ட்டு வந்தேன், உன்கிட்ட வரலாம்னு. நீ டக்குனு எந்திரிச்சு ஓடிட்ட.” ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கால் செக்கச்செவேல் என்றிருந்தது, மணலிலும் சிமெண்டிலும் வெறுங்காலோடு வந்திருக்கிறாள். படியில் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஊதினேன். “எங்கேருந்துடி என் பின்னால வந்த?” என்று கேட்டேன். “மொதல்லேருந்தே. கூப்ட்டுக்கிட்டேதாம்மா வந்தேன். நீ திரும்பியே பாக்கல.”

தினாவை எடுத்தது பள்ளிக்கூடத்து முள்கம்பி வேலியில். கரையிலிருந்து அது வெகுதூரம். அலை கொண்டுபோய்ப் போட்டிருக்கு என்று அப்பா சொன்னார், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அந்த வேலியோரமாகத்தான் நான் ஓடினேன். சேற்றில் குனிந்து மீன் பொறுக்கிக்கொண்டு, நான் போனதுகூடத் தெரியாமல் நிற்கிற தினாவைத்தான் இத்தனை வருஷமாக நினைத்து அழுதேன். அவன் அங்கே நிற்கவே இல்லை. விரலை உருவினதும் திரும்பியிருக்கிறான். அக்கா ஓடுகிறாள், அவனும் ஓடிவந்திருக்கிறான். குட்டைக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறான், மொதல்லேருந்தே. நான் அழுதேன், சத்தமாகவே அழுதேன், சைக்கிள் கிழவர் நின்று திரும்பிப் பார்த்தார். நித்திலா பயந்துபோய் ஈரக் கையால் என் கண்ணைத் துடைத்தாள். “சாரிம்மா, இனிமே முங்க மாட்டேன்” என்றாள். “என்ன சொல்லிக் கூப்ட்ட?” என்று கேட்டேன். “அம்மான்னுதான். வேற என்ன சொல்லிக் கூப்டுவாங்க?” அவன் அக்கா என்று கூப்பிட்டிருப்பான்.

கீழே மறுபடி விசில் ஊதினார்கள். எல்லோரும் தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜெகதீசன் மூன்று ஐஸ் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எங்கள் பாய்க்குப் பக்கத்தில் நின்று நாலாபக்கமும் தேடிக்கொண்டிருந்தார். இவரிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும், ஐஸ் உருகுவதற்குள். ஷூவைக் கழற்றி நித்திலாவுக்கு மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினேன். பெரிதாக இருக்கிறது என்று சிரித்தாள். எப்போதும் நான் முன்னால் இறங்கித்தான் அவளை இழுத்துக்கொண்டு போவேன். “நீ முன்னால போ,” என்றேன், “நான் பின்னால வரேன்.”